ஜெர்மனிக்குப் பூக் கேட்ட கதை

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பூக் கேட்பது என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த கூத்து யாருக்கும் விளங்காது. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியாக வாழை இலையில் மடித்து, ஒரே மாதிரி நூல் சுற்றி, அம்மன் காலடியில் போட வேண்டும். கேள்வியை மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். கோயிலுக்கு வந்திருக்கிற யாராவது ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. பெண் பார்க்கப் போகலாமா, போர் போட்டால் தண்ணீர் வருமா, அந்த எருமையை வாங்கலாமா என்றெல்லாம் கேட்பார்கள். நானும் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் ஜெர்மனி நாட்டு அரசாங்கம் நிற்குமா நிற்காதா என்று அம்மனிடம் பூக் கேட்டவள் இந்தத் திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்தால் மருமகள் முறைக்கிறாள். அவள்தான் இதை எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள், என் பேச்சைப் புத்தகப் பேச்சாகவும் மாற்றிவிடுகிறாள். உன்னைப் பற்றி வருவதையும் விடாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன். எழுதுகிறாளா என்று யார் பார்த்தது!

அப்போது எங்கள் பட்டறையில் எட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. கிணறு வற்றி, போர்வெல்லும் புகையைக் கக்கிய வருஷம் என் மகன் மாட்டுக் கொட்டகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் போட்ட விசைத்தறிகள். கரூரில் ஒரு கம்பெனி நீளவாக்குப் பாவும் குறுக்கே ஓட்டுகிற நூலும் கொடுக்கும். நாங்கள் துண்டாக நெய்து கொடுப்போம். அது கப்பலேறி ஜெர்மனிக்குப் போகும். மகனும் மருமகளும் தறி ஓட்டுவார்கள். நான் பட்டறை வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவேன், இழை விட்ட இடம் இருந்தால் காட்டுவேன். கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

நீலக் கட்டம் போட்ட சின்னத் துண்டு அது. குளித்துத் துவட்டவும் காணாது, தோளில் போடவும் காணாது. எதற்கு என்று வெகு நாள் எனக்குத் தெரியாது. என் மகளின் பெண் நர்ஸ் படிப்பு முடித்து, சேலத்தில் அந்த ஊர்ப் பாஷையும் படித்து, ஜெர்மனிக்கே வேலைக்குப் போன பிறகு அவளிடம் போனில் கேட்டேன்.

"அது தட்டம் தொடைக்கற துணி, அம்மிச்சி."

"தட்டத்தக் கழுவ மாட்டாங்களா?"

"கழுவீட்டுத்தான் தொடைப்பாங்க."

"கழுவுனதுக்கப்புறம் எதுக்குத் தொடைக்கறது? வெயில்ல கவுத்து வெச்சாக் காஞ்சுட்டுப் போவுது."

"இங்க வெயில் எங்க இருக்குது, அம்மிச்சி?"

அடேயப்பா, வெயில் இல்லாத ஊர் ஒன்று இருக்கிறது, அதனால் எங்கள் வீட்டில் அடுப்பெரிகிறது! அன்று முழுவதும் இதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பால் ஊற்ற வந்தவரிடம்கூடச் சொன்னேன்.

பேத்திக்கு அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. என் வயசுக்காரிகளைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறாள். பெற்ற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பூவோடு வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம். அதைப் பேச ஆரம்பித்தால் வேறு பக்கம் போய்விடுவேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தறிக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்தோம். நாலாம் நாள் கரூரிலிருந்து போன் வந்தது. ஜெர்மனிக்காரன் ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டான். தறி உருளையில், அதுதான் பீமில், சுற்றியிருக்கிற பாவை மட்டும் ஓட்டி முடியுங்கள், புதுப் பாவு இப்போதைக்கு இல்லை என்றார்கள். பாவு ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் எட்டுத் தறியும் நின்றுவிட்டது.

மகன் டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அங்கே பக்கத்து நாட்டில் சண்டை ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது, வீட்டைச் சூடு பண்ணுகிற கேஸ் விலை ஏறிப்போனது, அந்த ஊர் மந்திரிகள் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள், அரசாங்கம் எந்நேரமும் கவிழும் என்றான். கரூர்க்காரரும் அதையே சொன்னாராம்: அங்கே அரசாங்கம் ஒரு நிலைக்கு வரட்டும், பார்க்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் தறி கேட்டு வந்தார். சொந்த ஊரில் புதிதாகப் பட்டறை போடுகிறார். ஒரு தறியை ஓட்டிப் பார்த்து, எண்ணெய் விட்ட இடத்தையெல்லாம் தடவிப் பார்த்தார்.

"எட்டும் நல்லா இருக்கும்மா. நல்லா வெச்சுக்கினு இருக்கீங்க. சரின்னு சொன்னா எட்டையும் கழட்டி ஏத்திக்கினு போயிடுவேன். எடைக்குப் போட இல்ல, ஓட்டத்தான் கேக்கறேன்" என்றார். தீபாவளி கழித்துப் பதில் சொல்கிறோம் என்று காப்பி கொடுத்து அனுப்பினோம்.

கொடுத்துவிடலாம் என்று மருமகள் சொன்னாள். இதை அவள் பெருமையாகவே எழுதிக்கொள்ளலாம். "ஓடற தறியா கேக்கறாருங்க. இன்னைக்கு உட்டா நாளைக்கு யாரு வருவாங்க?" என்றாள். தறியை விற்றுவிட்டால் மகன் என்ன செய்வான்? கோழிப் பண்ணைக்கு வேலைக்குப் போகலாம், லாரிக்குப் போகலாம். நாற்பத்தெட்டு வயசில் ஒருவனுக்கு முதலாளி புதிதாக வாய்ப்பது நல்லதா? எனக்கு மனசு வரவில்லை. எட்டுத் தறியும் அவன் போட்டது. அது போனால் அவன் ஒடிந்துவிடுவான் என்ற வெசனம் எனக்கு.

அதனால் நான் ஒரு கணக்குப் போட்டேன். அரசாங்கம் நின்றால் ஆர்டர் வரும், ஆர்டர் வந்தால் தறி ஓடும், தறி ஓடினால் விற்க வேண்டாம். அப்படியானால் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதானே? தீபாவளிக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் அரளி பறித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

பூசாரி என்னைவிடச் சின்னவர், வாய் நீளம்.

"ஏனுங்கம்மா, பூவு யாருக்குங்க?"

"ஜெர்மனிக்குங்க."

"பேத்திக்கு மாப்பிள்ளை பாத்துட்டீங்களா? சொல்லவே இல்லீங்களே!"

"மாப்பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த ஊரு கவர்மெண்டு நிக்குமான்னு கேக்கோணும்."

அவருக்கு வந்த சிரிப்பில் தீபாராதனைத் தட்டு ஆடியது. "அம்மனுக்கு எல்லை ஏரிக்கரையோட சரிங்களே. அக்கட்டால போனா பக்கத்தூரு மாரியாத்தா சண்டைக்கு வந்துருவா. இதுல ஜெர்மனிக்குப் போயி, பாஷை தெரியாம அவ என்னங்க பண்ணுவா?"

"என்ற பேத்தியும் பாஷை தெரியாத புள்ளதானுங்க. ஒரு வருசத்துல கத்துக்கிட்டா. அம்மனுக்கு அத்தன நேரமா ஆகப்போவுது? பொட்டலத்தப் போடுங்க."

போட்டார். பொங்கல் வைக்க வந்திருந்த ஒரு அம்மா குனிந்து எடுத்துக் கொடுத்தாள். நூலைப் பிரித்தேன். வெள்ளை!

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து மகன் கையில் பூவைக் கொடுத்து, "கவர்மெண்டு நிக்கும் சாமி. அம்மன் சொல்லீட்டா. தறி எங்கயும் போக வேண்டாம்" என்றேன். அவன் அந்தப் பூவை வாங்கிக்கொண்டான். நம்பினானா, நம்ப ஆசைப்பட்டானா தெரியாது. எழுந்து போய்த் தம்மம்பட்டிக்காரருக்குப் போன் போட்டு, தறி கொடுக்கிறதாக இல்லை, வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். மருமகள் உள்ளே பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

ஆறு நாள் போயிருக்கும். காலையில் டிவியைப் போட்டவன் அப்படியே நின்றான். ஜெர்மனியில் அரசாங்கம் கவிழ்ந்துவிட்டதாம்.

"ஏம்மா, உங்க அம்மனுக்கு வெள்ளைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதாட்ட இருக்குது" என்றான் மகன். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னான், கண்ணில் சிரிப்பு இல்லை. தம்மம்பட்டிக்காரருக்குத் திரும்பப் போன் போட்டான். அவர் பள்ளிபாளையத்தில் வேறு எட்டுத் தறி பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பேத்தியை நினைத்தும் பயம். அரசாங்கம் இல்லாத ஊரில் பிள்ளை தனியாக இருக்கிறாளே! இங்கே பெரிய தலைவர் ஒருவர் கண்ணை மூடினாலே பஸ் நிற்கும், கடை சாத்துவார்கள், பால் வராது. ஒரு தடவை அப்படித்தான் ஆத்தூர்ச் சந்தைக்குப் போன என் வீட்டுக்காரர் ராசிபுரம் வரை நடந்தே வந்தார், அங்கிருந்து ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். கால் வீங்கிப்போய் ஒரு வாரம் எண்ணெய் தேய்த்தேன். அரசாங்கமே கவிழ்ந்தால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேத்தி கூப்பிடும்வரை எனக்கு உயிரில்லை.

"ஊட்டுக் கதவத் தாப்பாப் போட்டுட்டு இருக்கியா கண்ணு? அரிசி பருப்பு இருக்குதா?"

"எதுக்கு அம்மிச்சி?"

"கவர்மெண்டு உழுந்துருச்சாமே!"

"அதுவா! ஆமா, உழுந்துருச்சு. டிவியில சொன்னாங்க. இங்க பாட்டிங்க எல்லாம் கேட்டுப்போட்டு, காப்பி ஆறிப்போச்சுன்னு என்னையத் திட்டுனாங்க."

"பஸ்சு?"

"ஓடுது. குப்ப வண்டி வந்துச்சு. சம்பளமும் வந்துரும். பழைய ஆளுகளேதான் புது ஆளுக வர்ற வரைக்கும் உக்காந்திருப்பாங்களாம். பயப்படாதீங்க."

விழுந்தபின் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பது என்ன விழுகையோ! ஆனால் யோசித்தால் எனக்கு அது புதிதும் இல்லை. என் மாமனார் காலமானதும் அண்ணன் தம்பி மூன்று பேரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நிலம் மூன்றாயிற்று, கிணறு ஒன்றுதான். ஆளுக்கு இரண்டு நாள் தண்ணீர் முறை, மிச்சம் ஒரு நாள் சுற்றி வரும். அதன் பிறகு வரப்புத் தகராறில் மூன்று பேரும் பேச்சை விட்டார்கள். ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவர் போகவில்லை. ஆனால் முறை மட்டும் ஒரு நாள் தவறியதில்லை. விடிந்தால் இவர் மோட்டாரை நிறுத்துவார், அவர் வந்து போடுவார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். குடும்பம் கவிழ்ந்தே கிடந்தது. பயிர் காயவில்லை. ஜெர்மனியிலும் அப்படி ஒரு முறை இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படியென்றால் அம்மன் பொய் சொல்லவில்லையே! நிற்கத்தானே நிற்கிறது! எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. போனைப் பிடித்துக்கொண்டே மகனைக் கூப்பிட்டு, "பாத்தியா சாமி, ஒண்ணும் ஆகலையாம்!" என்றேன்.

அவன் போனை வாங்கினான். "அப்பறம் ஏஞ் சாமி ஆர்டர் வர மாட்டீங்குது?" என்று அவளிடம் கேட்டான். பாவம், அவளுக்கு என்ன தெரியும், அவள் நர்ஸ். ஆனாலும் தெரிந்ததைச் சொன்னாள். போனைச் சத்தமாக வைத்திருந்ததால் எல்லாரும் கேட்டோம்.

"இங்க எல்லாரும் கையப் புடிச்சுத்தான் செலவு பண்றாங்க மாமா. ஊட்டுக்குள்ளயே ரெண்டு ஸ்வெட்டரு போட்டுக்கறாங்க, சூட்டக் கொறச்சு வெச்சுக்கறாங்க. கெட்ட காலம் வந்தாப் புதுசா ஒண்ணும் வாங்க மாட்டாங்க. பாட்டிங்களே சொல்லுவாங்க, இருக்கறதத் தெச்சு வெச்சுக்கோன்னு. ஒரு பாட்டி தட்டம் தொடைக்கற துணிக்கு ஒட்டுப் போட்டு வெச்சிருக்குது."

பட்டறைப் பக்கம் திரும்பி மகன் ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

நான் தப்பான கேள்வி கேட்டுவிட்டேன். அந்த ஊர் நிற்குமா என்று கேட்டேன். நிற்கும் என்று அம்மன் சொன்னாள், நிற்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. புதுத் துண்டு வாங்காமல் நிற்கிறார்கள். அவர்கள் சிக்கனமாக இருந்தால் அங்கே ஊர் அசையாது, இங்கே தறி நின்றுவிடும். அவர்கள் மேல் என்ன தப்பு? என் வயசுக்காரி ஒருத்தி ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறாள் என்றால் அவள் நல்ல குடும்பக்காரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

செய்தும் இருக்கிறேன். அதுதான் அன்று மத்தியானம் என்னை உட்கார விடாமல் அடித்தது. மழையே இல்லாத ஒரு வருஷம். ஆடி மாசம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு நெசவுக்காரர் எப்போதும் போல மூட்டையோடு வந்தார். வருஷா வருஷம் வருகிறவர், அவர் தறியில் நெய்த சேலைகள். நான் வாசலிலேயே நின்று, "இந்த வருசம் வேண்டாமுங்க, மூட்டையப் பிரிக்காதீங்க" என்றேன். ஊரில் எல்லாரும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பிரிக்காத மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரரிடம், பார்த்தீர்களா, பஞ்ச காலத்தில் குடும்பத்தை எப்படிக் கட்டிக் காக்கிறேன் என்று பெருமையடித்தேன். அந்த நெசவுக்காரர் வீட்டில் அந்த ஆடி எப்படிப் போயிற்று என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அடுத்த வருஷம் அவர் வரவில்லை.

கார்த்திகை முழுக்கத் தறி ஓடவில்லை. மகன் தினமும் பட்டறையைத் திறந்து, தூசி தட்டி, எண்ணெய் விட்டு, மூடினான். ஓடாத தறிக்கு எதற்கு எண்ணெய் என்று மருமகள் கேட்கவில்லை. அவளும் கூடப் போய்த் துடைத்தாள். நான் வாசலில் கத்தரியோடு உட்கார்ந்திருந்தேன், வெட்டப் பிசிறு இல்லை. ஒரு நாள் அவளிடம், "நீ சொன்னதக் கேட்டிருக்கோணும். நாந்தான் கெடுத்துப்போட்டேன்" என்றேன்.

"உடுங்க அத்தை. பூவு செவப்பா வந்திருந்தாலும் உங்க மகன் குடுத்திருக்க மாட்டாருங்க" என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள் என்று நான் நினைத்திருக்கிறேன். இல்லை, நிஜம்தான் என்று இப்போது எழுதும்போது சொல்கிறாள்.

மார்கழி பிறந்ததும் கரூர்க்காரர் கூப்பிட்டார். கட்டம் போட்ட துண்டு வேண்டாமாம். தரை துடைக்கிற முரட்டுத் துணி கொஞ்சம் வேண்டுமாம். எந்த நாடு எப்படிப் போனாலும் தரையைத் துடைத்துத்தானே ஆக வேண்டும்! ஆனால் நாலு தறிக்குத்தான் பாவு தர முடியும் என்றார். மிச்சம் நாலு தறியைச் சும்மா வைத்திருந்து துரு ஏற்ற முடியுமா? ஓட்டுவதற்கு யாராவது கேட்பார்களா என்று மகன் திருச்செங்கோடு, குமாரபாளையம் எல்லாம் அலைந்தான். எல்லாப் பட்டறையிலும் விற்கிறவர்கள்தான் இருந்தார்கள். கடைசியில் பழைய இரும்புக்காரர் வந்தார்.

தம்மம்பட்டிக்காரர் தடவித் தடவிப் பார்த்த தறிகள். இவர் ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. சம்மட்டி கொண்டுவந்திருந்தார். "முழுசா ஏறாதுங்க, ஒடச்சுத்தான் ஏத்தோணும்" என்றார். மகன் தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். மருமகள் நின்று எது எது என்று காட்டினாள். நானும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், கால் வரவில்லை. பூக் கேட்டவள் நான். நின்று பார்ப்பதுதான் நியாயம் என்று நாலு தறியும் உடைந்து லாரியில் ஏறும்வரை நின்றேன்.

அடுத்த வாரம் பாவு வந்து நாலு தறி ஓட ஆரம்பித்தது. துணி முரடு, பிசிறு அதிகம், எனக்கு வேலைக்குக் குறைவில்லை. எட்டும் ஓடும்போது பட்டறைக்குள் பேச்சே கேட்காது. மகனும் மருமகளும் கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொள்வார்கள், தேவைப்பட்டால் காதருகே வாயை வைத்துக் கத்துவார்கள். நான் வாசலில் என் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பேன். இப்போது நாலுதானே, பாதிப் பட்டறை காலியாகக் கிடக்கிறது, சொல்வது வாசல்வரை கேட்கிறது.

"தை வரைக்கும் இந்தப் பாவு வரும்னாங்க" என்று மகன் சொன்னான்.

"அதுக்கப்பறங்க?" என்று மருமகள் கேட்டாள்.

அவன் அறுந்த இழையை முடிச்சுப் போட்டு, தறியைத் திரும்ப ஓட விட்டான். எட்டுத் தறி ஓடிய காலத்திலும் இவர்கள் இதையேதான் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்தார்களோ என்னவோ. எனக்குக் கேட்டதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு பிசிறு வெட்டினேன்.